ஐந்து குரோஸ் ஊசி

ஜனவரி 22

சிஸ்டர், மன்னிக்க வேண்டும். இன்று ஆஸ்பத்திரியில் இந்த நோட்டில் நீங்கள் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தீர்கள்: தேதி, நேரம், ஊசி போட்ட இடம், குறிப்பு. கடைசிக் கட்டத்துக்கு இரண்டு விரல்கடை அகலம்தான் விட்டிருந்தீர்கள். "மயக்கம் இல்லைன்னு எழுதினாப் போதும்மா" என்றும் சொன்னீர்கள். நான் முதல் நாளே கோட்டைத் தாண்டிவிட்டேன். ஆட்களிடம் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. கட்டம் போட்ட தாள் கிடைத்தால் கை நிற்காது. மூன்று மாதம் கழித்து ஒப்படைக்கும்போது வேறொரு நல்ல நோட்டில் எண்களை மட்டும் பிரதி எடுத்துத் தந்துவிடுகிறேன். இது உங்கள் கண்ணில் படாது. ஆகவே இந்த மன்னிப்பும் உங்களுக்கு வந்து சேராது.

மாலை 7.10. வயிறு, இடது பக்கம். மயக்கம் அம்மாவுக்கு இல்லை. எனக்கு லேசாக.

அம்மா சீனியம்மாள், வயது 53. கோவில்பட்டியில் முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். எங்கள் ஊரில் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான்; ஆனால் ஆபீஸ் போனவள் என்று பார்த்தால் அம்மாதான். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. போன நவம்பரில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகெலும்பில் ஒன்று நொறுங்கி அமுங்கியது. முப்பத்தாறு வயதில் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்ததிலிருந்தே எலும்பு கரைய ஆரம்பித்திருக்கும் என்று டாக்டரம்மா இன்று திருநெல்வேலியில் படத்தைக் காட்டிச் சொன்னார்.

"இது தேயாம தடுக்குற மருந்து இல்ல, புதுசா எலும்பு கட்டுற மருந்து. டெய்லி ட்வென்டி மைக்ரோகிராம், ஒன்லி ஒன்ஸ். எய்ட்டீன் மன்த்ஸ்ல ஸ்கேன் பாப்போம், மேக்ஸிமம் டூ இயர்ஸ். இன்டர்மிட்டன்ட்டா போனாத்தான் பில்ட் ஆகும். ஓகே?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பட்டதாரி யாரென்று முகத்திலேயே தெரியும் போல. நான் தலையாட்டினேன். நான் ஆட்டுவதைப் பார்த்து அம்மாவும் ஆட்டினாள். இன்டர்மிட்டன்ட் என்ற சொல்லை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் வியர்வையில் அழிந்துவிட்டது.

ஜனவரி 23

மாலை 7. வலது தொடை. கை நடுங்கியது. "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்றாள் அம்மா. கொசுவுக்கு என்னைவிடத் தைரியம் அதிகம்.

ஜனவரி 25

மாலை 7.05. வயிறு, வலது பக்கம். மயக்கம் இல்லை.

மருந்து இருப்பது தடித்த பேனா போன்ற ஒன்றில். உள்ளே இருபத்தெட்டு நாளைக்கு மருந்து. தினமும் புது ஊசிமுனை மாட்டி, பின்பக்கம் திருகினால் ஒரு நாள் அளவு வரும். குளிரில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. எனவே அது அடுத்த வீட்டு எஸ்தர் அக்காவின் ஃபிரிட்ஜில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வளவில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடு. பகலில் எந்தக் கதவும் சாத்துவதில்லை. யாரையும் கேட்காமல் உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். நான்தான் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று தொண்டையைச் செருமுகிறேன்.

"ஏ செம்பகம், உங்க மருந்துல மீன் வாட அடிச்சா எங்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது" என்றாள் அக்கா.

அதற்கு ஒரு நல்ல பதில் எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்த பிறகு.

ஜனவரி 29

மாலை 7. இடது தொடை.

அம்மாவும் தனியாக ஒரு கணக்கு வைக்கிறாள் என்று இன்று கண்டுபிடித்தேன். ஊசி போட்டதும் அலமாரியிலிருந்து ஒரு பழைய தீப்பெட்டியை எடுத்து அதில் ஒரு குச்சியைப் போடுகிறாள். மருந்து முக்காத வெறும் குச்சி. தீப்பெட்டி ஆபீஸில் குச்சியின் தலையில் இருக்கும் பசைக்கும் மருந்து என்றுதான் பெயர்.

"மொத்தம் எம்புட்டு ஊசிட்டி?"

"ரெண்டு வருஷம்னா எழுநூத்து முப்பதும்மா."

அம்மா ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். "அஞ்சு குரோஸும் பத்தும்."

ஒரு குரோஸ் என்றால் நூற்றுநாற்பத்து நான்கு பெட்டி. கணிதத்தில் பட்டம் வாங்கிய நான் செல்போனில் வகுத்துப் பார்த்தேன். ஐந்து குரோஸும் பத்தும்தான்.

"பெட்டி ஒட்டுன காலத்துல அஞ்சு குரோஸ் எனக்கு ஒரு நாள் வேலை" என்றாள். "அதுக்குப் போயி ரெண்டு வருஷமாக்கும்."

பிப்ரவரி 3

மாலை 7.20. வயிறு, இடது. இருபது நிமிடம் தாமதம். காரணம் கீழே.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு எழுதிய தேர்வில் தேறிவிட்டேன். உதவியாளர் வேலை, சேலம் கிளை, மே நான்காம் தேதி சேர வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. அம்மா கடலைமிட்டாய் வாங்கி வளவு முழுக்கக் கொடுத்தாள். அப்பா போய் எட்டு வருடத்தில் அவள் இப்படி வீடு வீடாக ஏறி இறங்கி நான் பார்த்ததில்லை. முதுகில் கட்டிய பட்டையோடேயே ஏறி இறங்கினாள்.

"இனி செம்பகம் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்" என்றாள் எஸ்தர் அக்கா.

இப்போது நான் இருக்கும் இ-சேவை மையத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே "பேரு? பிறந்த தேதி?" என்று கேட்டால் போதும். கவுன்ட்டரில் முகம் இருக்கும். முகம் கேள்வி கேட்கும்.

அப்போதுதான் தோன்றியது: நான் போய்விட்டால் அம்மாவுக்குத் தினமும் ஊசி போடுவது யார்? நல்ல காரணம். யாரும் குறை சொல்ல முடியாத காரணம். கையில் கிடைத்ததும் மனம் எவ்வளவு லேசாகிவிட்டது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 11

மாலை 7. வலது தொடை. சேரும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' வரை முடிந்தது. இன்று பகலில் மட்டும் அடுத்தவர்களுக்காகப் பதினேழு விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 19

மாலை 7. இடது தொடை. முதல் பேனா நேற்றோடு தீர்ந்தது. மிகச் சரியாக இருபத்தெட்டு. இன்று இரண்டாவது. ஒரு துளி சிந்தாமல், ஒரு நாள் தவறாமல். வாழ்க்கையில் நான் முழுதாகச் செய்து முடித்த முதல் காரியமாக இருக்கலாம்.

பிப்ரவரி 22

மாலை 7.15. வயிறு, வலது.

ஊசிமுனையை மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்: "சேலத்துக்கு என்னட்டி பதில் போட்ட?"

"தேதியத் தள்ளிக் கேட்டிருக்கேம்மா. அவுக பொறுத்துக்கிடுவாக."

"எம்புட்டு நாளு பொறுத்துக்கிடுவாக?"

கையில் ஊசி. அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு வசதி. "ஒரு வருஷம்" என்றேன்.

யாரும் என்னிடம் ஒரு வருடம் என்று சொல்லவில்லை. யாரையும் நான் கேட்கவுமில்லை. இரண்டு வருடம் என்றால் நம்ப மாட்டாள், ஆறு மாதம் என்றால் எனக்குப் போதாது. நடுவில் கிடந்ததை எடுத்துச் சொன்னேன்.

"ஊசி ரெண்டு வருஷம்லா?"

"ஆமா."

"ம்" என்றாள் அம்மா.

அதோடு பேச்சு முடிந்தது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 23

மாலை 7. இடது தொடை.

"அந்தப் பேனாவக் காமி, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்று அம்மா வாங்கிப் பார்த்தாள். முனையை எப்படி மாட்டுவது, எவ்வளவு திருகுவது, அழுத்திய பிறகு எத்தனை எண்ணும்வரை எடுக்காமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். திக்காமல், நடுவில் நிறுத்தாமல் ஒருவருக்கு முழுதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். பெருமையாக இருந்தது. கவுன்ட்டர் வேலை கூட இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை.

பிப்ரவரி 26

மாலை 7. வயிறு, இடது. தலை சுற்றுகிறது என்றாள். வெயில் தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 28

மாலை 7. வலது தொடை. கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதாம். தைலம் தேய்த்தேன்.

மார்ச் 3

மாலை 7.30. இடது தொடை. காலையிலிருந்து ஓங்கரிப்பு. நேற்று வைத்த சாம்பார்தான் என்று எனக்குத் தெரியும். "சாம்பாரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று அம்மா சொன்னாள். என் சாம்பாரைப் பற்றி அவள் இதுவரை அப்படிச் சொன்னதில்லை என்பதால் இன்னும் பயமாக இருந்தது.

மருந்துப் பெட்டியில் வந்த தாளை எடுத்து அகராதியோடு உட்கார்ந்தேன். தலைசுற்றல், குமட்டல், கால் பிடிப்பு, மூன்றும் பக்கவிளைவுப் பட்டியலில் இருக்கின்றன. அச்சில் இருப்பதைப் பார்த்ததும் நிம்மதி வந்துவிட்டது. பட்டியலில் இருந்தால் அது சரியான நோய்தான் என்று நினைக்கிற மூளை எனக்கு.

ஊசிமுனைகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைகின்றன. மாட்டும்போது நான் வளைத்துக் கெடுக்கிறேன் போல.

மார்ச் 6

மாலை 7. வயிறு, வலது.

இன்று மத்தியானம் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அம்மா எழுந்தவுடன் அப்படியே சாய்ந்திருக்கிறாள். எஸ்தர் அக்கா மாவுக் கையோடு இடுப்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். நான் வரும்போது அம்மா கட்டிலில் இருந்தாள். சேலையில் ஐந்து விரல் மாவு.

விழுந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மா காட்டிய படத்தில் அந்த முதுகெலும்பு நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு பக்கம் அமுங்கி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று அப்படி ஆனால் அவள் எழுந்து நடப்பதே கஷ்டம் என்றும் கேட்டிருக்கிறேன்.

உங்கள் எண்ணுக்குப் போன் போட்டேன், சிஸ்டர். நீங்கள்தான் எடுத்தீர்கள். "ஹலோ, யாரு?" என்றீர்கள். வைத்துவிட்டேன். நாளைக்கும் இருந்தால் பேசலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைப் பற்றி நகைச்சுவையாக எழுத முயன்றேன். வரவில்லை.

மார்ச் 7

ஊசி போடவில்லை.

பேனா காலி. திருகினால் திரும்ப மறுக்கிறது. பதினெட்டாம் தேதி வரை வர வேண்டிய மருந்து. திருகும்போது நான் அளவு தப்பிவிட்டேன். எந்த நாளில், எத்தனை நாள் என்று தெரியவில்லை. தலைசுற்றல், ஓங்கரிப்பு எல்லாம் என் கையால் வந்தவை. பட்டதாரி கை.

அம்மாவிடம் சொன்னேன். "தீந்தா வேற வாங்கு. எதுக்கு முழிக்க?" என்றாள்.

மார்ச் 8

மையத்தில் நெட் இல்லை என்று பத்தரை மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வந்ததும் நோட்டை விரித்து எண்ணினேன். நாற்பத்து நான்கு. பிறகு அம்மாவின் தீப்பெட்டி ஞாபகம் வந்தது. இப்போது இரண்டு பெட்டியாகியிருந்தது.

"இதுல எம்புட்டும்மா?"

"அம்பத்தாறு."

"நாப்பத்துநாலும்மா. நீ ஒரு நாளைக்கு ரெண்டு தடவ போட்டிருப்ப."

குச்சியைத்தான் சொன்னேன். குச்சிகளைத் தரையில் கொட்டி எண்ணினேன். ஐம்பத்தாறு. வயதானால் இப்படி ஞாபகம் தவறுவது சகஜம் என்றும், இனி நோட்டையே வைத்துக்கொள்வோம் என்றும் மரியாதையாக எடுத்துச் சொன்னேன். கையால் தடவியே ஒரு பெட்டியில் எத்தனை குச்சி குறைகிறது என்று சொல்லக்கூடியவளிடம் சொன்னேன். ஐம்பத்தாறு என்பது இரண்டு இருபத்தெட்டு என்பதுகூட, கணிதம் படித்த எனக்கு, அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அப்போது எஸ்தர் அக்கா வாசலில் எட்டிப் பார்த்தாள். "என்ன, இன்னைக்கிப் பதினோரு மணிக்கு ஊசி எடுக்க வரல? ஒரு வேளையாக் கொறச்சிட்டாகளா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குச்சிகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள், எல்லாத் தலையும் ஒரே பக்கமாக. அவற்றுக்குத் தலை கிடையாது. ஆனாலும் ஒரு பக்கமாக.

"எத்தன நாளும்மா?"

"பன்னெண்டு."

"எதுக்கும்மா?"

"ஆர்டர் அவசரம்னா ரெண்டு ஷிப்டு பாக்கது இல்லையா? அஞ்சு குரோஸ் அஞ்சு குரோஸ்தான். வாங்குற மருந்தும் அதேதான். உனக்கு ஒரு வருஷந்தான் டயம் குடுத்திருக்காகன்னு சொன்ன. ரெண்டு வருஷத்து வேலைய ஒரு வருஷத்துல முடிச்சுப்போட்டா நீ போலாம்லா."

எஸ்தர் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஒரு வருடம் நான் வாய்க்கு வந்தபடி சொன்னது என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். "நாளைக்கு டாக்டர்ட்டப் போவோம்மா" என்று வந்தது.

மார்ச் 9

ஊசி இல்லை. திருநெல்வேலி.

எண்கள் மட்டும் எழுதிய பிரதி நோட்டைத்தான் உங்களிடம் நீட்டினேன், சிஸ்டர். அழகான கையெழுத்து. நாற்பத்து நான்கு வரி. எல்லா வரியிலும் உண்மை இருந்தது, நடந்த எதுவும் இல்லை.

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எழுதினது ஃபார்ட்டி ஃபோர். பென் ரெண்டும் காலி. டோஸ் தப்பா டயல் பண்ணிட்டீங்களா?"

நான் தலையாட்டினேன். ஆமாம், சிஸ்டர். நீங்களும் பார்த்தீர்கள். நடந்ததைச் சொல்ல நாலு வாக்கியம் வேண்டும். தலையாட்ட ஒன்றும் வேண்டாம்.

"அவ மேல தப்பு இல்லங்கம்மா" என்றாள் அம்மா. அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "நாந்தான் மத்தியானமும் ஒண்ணு போட்டேன். சீக்கிரம் முடியட்டும்னு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக அம்மாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். ரத்தம் எடுத்தார்கள். சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். இரண்டு வாரம் ஊசியும் வேண்டாம், கால்சியம் மாத்திரையும் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பிறகு மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றார். விட்ட நாள்களைப் பின்னால் சேர்த்துப் போடவும் கூடாது. "நல்ல நேரத்துல வந்தீங்க. தலைசுத்தி விழுந்திருந்தா கட்டுனதும் போயி இருக்கறதும் போயிருக்கும்." பிறகு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். செல், ரிசெப்டர், இன்டர்மிட்டன்ட். நான் தலையாட்டினேன். அம்மா "ம்" என்றாள்.

பஸ் கயத்தாறு தாண்டியபோது கேட்டேன். "அந்தம்மா சொன்னது உனக்குப் புரிஞ்சுச்சாம்மா?"

"எங்க புரிஞ்சுச்சு. நீ தலையாட்டுன. சரி, படிச்ச பிள்ளைக்குப் புரிஞ்சிருக்குன்னு நானும் ஆட்டுனேன்."

"எனக்கும் புரியலம்மா."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "மொத நாளு?"

"மொத நாளும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் செல்போனை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். ஒன்றரை மாதம் தாமதம். விட்டு விட்டு என்று அர்த்தம். மருந்து கொஞ்ச நேரம் உடம்பில் இருந்துவிட்டுப் போனால் எலும்பு கட்டும் வேலை நடக்கும். போகாமல் அங்கேயே நின்றால் அதே மருந்து எலும்பை அரிக்கத் தொடங்கும். டிக்கெட்டின் பின்பக்கம் மேடும் பள்ளமுமாகக் கோடு வரைந்து விளக்கினேன். அம்மா டிக்கெட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"காயவிடணும்கியா?"

"என்னது?"

"சட்டத்துல குச்சிய அடுக்கி மருந்துல ஒரு தடவ முக்குவோம். முக்கிட்டுக் காயவிடணும். காயுறதுக்குள்ள இன்னொரு தடவ முக்குனா தலையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அந்தச் சட்டமே கழிவு. அதானே?"

"அதேதாம்மா."

"இத அந்தம்மா மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குட்டி ரெண்டு போடப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினைந்து வருடம் நான் படித்த படிப்பில் காயவிடணும் என்ற சொல் எங்கேயும் வரவில்லை.

மார்ச் 16

ஊசி இல்லை. தலைசுற்றல் இல்லை. என் சாம்பாரை மறுபடி குறை சொல்கிறாள். உடம்பு தேறிவிட்டது.

மார்ச் 24

ரத்தம் சரியாகிவிட்டது. இன்று மூன்றாவது பேனா. மாலை 7. வயிறு, இடது. போட்டது: அம்மா.

நான் முனையை எடுத்ததும் "இங்க குடு" என்றாள். மாட்டினாள், திருகினாள், போட்டாள், எண்ணினாள், எடுத்தாள். நான் பஞ்சை எடுப்பதற்குள் முடிந்தது.

"வலிக்கலையாம்மா?"

"நான் போட்டா வலிக்காது. நீ போட்டாத்தான். உள்ள போயி ஒரு ஆட்டு ஆட்டுவ பாரு." பாவாடை நாடாவை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஆசையாச் செய்யுத பிள்ள, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

நாற்பத்து நான்கு நாள். அவளைக் கவனித்துக்கொள்கிறேன் என்று நான் நினைத்திருந்த நாற்பத்து நான்கு நாளும் அவள் என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைப் போட்டாள். அந்தப் பன்னிரண்டை முன்பே எடுத்து வெளியே போட்டுவிட்டாளாம். கழிவு எண்ணிக்கையில் சேராது.

"ரெண்டு வருஷம் முடிஞ்சா?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை தெரிந்துகொண்டுதான் வந்திருந்தேன். "அப்பறம் இது கிடையாதும்மா. வேற மருந்துக்கு மாத்துவாக. மாத்தலன்னா கட்டுன எலும்பு கொஞ்சங்கொஞ்சமாப் போயிரும்."

"நமத்துப் போகும். பெட்டில போட்டு மூடி வைக்கணும். சரி." பெட்டியை மூடினாள். மூடிக்கொண்டே கேட்டாள்: "அந்த ஒரு வருஷம் அவுக சொன்னதா, நீ சொன்னதா?"

சிஸ்டர், இந்தக் கட்டத்துக்கு வந்தபோது ஊசியும் என் கையில் இல்லை.

"நான் சொன்னது."

"தெரியும்."

"எப்படிம்மா?"

"சும்மா கெடந்த ரெண்டு வாரத்துல உன் துணிப்பெட்டியத் தொறந்து பாத்தேன். அவுக பொறுக்கோம்னு சொல்லியிருந்தா இன்னொரு கடுதாசி வந்திருக்கணும்லா? பெட்டில ஒண்ணுதான் இருக்கு. அதுல நாலு, அஞ்சுன்னு போட்டிருக்கு. நம்பர் வாசிக்கதுக்குப் பட்டம் வேணுமாக்கும்?"

அவள் கோபப்பட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எதுக்குட்டி பயப்படுத?"

"கவுன்ட்டர்மா. எல்லாரும் வந்து கேப்பாக. எனக்குத் தெரியாததைக் கேப்பாக."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. தலைய மட்டும் ஆட்டிராத. நீ ஆட்டுன ஆட்டுக்கு நான் பன்னெண்டு ஊசி போட்டிருக்கேன்."

மார்ச் 25

மாலை 7. வலது தொடை. அம்மா. மின்னஞ்சலில் 'மதிப்பிற்குரிய ஐயா'வுக்குப் பிறகு ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன்: மே நான்காம் தேதி பணியில் சேருகிறேன். அனுப்பிய பிறகு ஓங்கரிப்பு வந்தது. எனக்கு. சாம்பார் காரணமில்லை.

ஏப்ரல் 10

மாலை 7. இடது தொடை. அம்மா. எஸ்தர் அக்காவிடம் வாசலில் நின்று செருமாமல், நேராக உள்ளே போய், "அக்கா, நான் போன பெறகு அம்மா ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல ஃபிரிட்ஜத் தொறந்தா எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொன்னேன். முழு வாக்கியம். அக்கா பயந்துவிட்டாள்.

"ஏ சீனி, உம்மவ பேசுதாட்டி" என்று வளவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

ஏப்ரல் 22

மாலை 7. வயிறு, வலது. அம்மா. மயக்கம் இல்லை. நோட்டில் எழுபத்து நான்கு, பெட்டியில் எழுபத்து நான்கு.

நாளை மூன்று மாதப் பரிசோதனை. புதிதாக ஒரு பிரதி நோட்டு எழுத உட்கார்ந்தேன். எழுபத்து நான்கு வரி. இரண்டு வரி எழுதியதும் நிறுத்திவிட்டேன். போன தடவை பிரதியைத்தான் கொடுத்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. அதனால் நாளை இந்த நோட்டையே உங்கள் மேசையில் வைத்துவிட்டு வரப் போகிறேன். சாம்பார், மீன் வாடை எல்லாவற்றோடும். மார்ச் ஆறாம் தேதி போன் செய்து வைத்துவிட்டது நான்தான். அந்த முதல் நாள் மன்னிப்பு இப்போது உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

நாளை நேரில் நீங்கள் "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்று கேட்பீர்கள். எல்லோரிடமும் கேட்பீர்கள். கேட்க ஒன்று இருக்கிறது. நேரில் கேட்டுவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். கேட்காமல் வந்துவிட்டால் அதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலையில் அம்மா தனியாக வருவாள். பதினெட்டாவது மாதம் ஸ்கேன் பார்த்து, நிறுத்துவதா இரண்டு வருடம் வரை போவதா என்று முடிவு செய்யும் நாளிலும் தனியாகத்தான் வருவாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மா தேடினால், யாரும் இல்லை என்று சொல்லுங்கள். எத்தனை ஊசி ஆயிற்று என்று அவளிடமே கேளுங்கள். அந்த எண்ணை யாரும் சரிபார்க்க வேண்டாம்.

ஆனால் அவள் தலையாட்டினால் நம்பிவிடாதீர்கள், சிஸ்டர். 'ம்' என்றால் புரியவில்லை என்று அர்த்தம். திருப்பி ஒரு கேள்வி கேட்டால்தான் புரிந்திருக்கிறது. அவள் கேட்கும்வரை, தயவுசெய்து, அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்கள்.